பெங்களூரில் தங்கச்சிக்கு மாணவியாக இருந்தேன்

எழுபத்தொரு வயதில் முதல் தடவையாக மாநிலம் தாண்டினேன். தாண்டினதும் எனக்காக இல்லை. என் தங்கச்சி விஜயாவுக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, பித்தப்பை எடுத்த உடம்பு. நாலு வாரம் அவளுக்குச் சோறு வடிக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

விஜயா குடியாத்தத்தில் டீச்சராக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றவள். எங்கள் வீட்டு முன்னறையில் பெரியவர்களுக்கு இங்கிலீஷ் பேசச் சொல்லித்தர வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தார் சாயங்கால வகுப்புக்கு அவளிடம் ஆட்களை அனுப்புகிறோம் என்றார்கள். ஆனால் இங்கிலீஷ் சொல்லித்தரப் பயிற்சி எடுத்த சான்றிதழ் வேண்டுமாம். அந்தச் சான்றிதழுக்காகத்தான் பெங்களூர்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. விஜயாவைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். நான் அஞ்சாவது முடிக்கிறபோது அவள் பிறந்தாள். அம்மா படுத்த படுக்கை. குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் இல்லை என்று என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை எம்.ஏ. படித்தது. அவள் மேல் தப்பில்லை. பிறந்த குழந்தை என்ன செய்யும்? ஆனாலும் எரியும். என் வீட்டுக்காரர் போன பிறகு பன்னிரண்டு வருஷமாக நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் சமைக்கிறேன். அவள் பேசுகிறாள். பேங்கில், டாக்டரிடத்தில், ரேஷன் கடையில், என்னைப் பார்த்து யார் எதைக் கேட்டாலும் அவள்தான் பதில் சொல்வாள்.

கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கினோம். விஜயா ஒரு சின்னப் புத்தகம் வாங்கி வழியெல்லாம் கன்னடம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்திருந்தாள். ஆட்டோக்காரரிடம் போய் ஒரு நீளமான வாக்கியத்தைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்கம்மா போவணும், ரிச்சர்ட்ஸ் டவுனா? ஏறு" என்றார். திருப்பத்தூர்க்காரராம். எனக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் மேபல் அம்மா வீட்டு மாடியில் ஒரு அறையும் சமையல் மேடையும் எங்களுக்கு. அவர்கள் நாலு தலைமுறையாக அங்கேயே இருக்கிற தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். பால்காரரிடம் கன்னடம், வேலைக்காரப் பெண்ணிடம் தமிழ், போனில் மகனிடம் இங்கிலீஷ், குழாயைத் திருப்புகிற மாதிரி திருப்புவார்கள். தெருவில் மரங்கள் இரண்டு பக்கமும் கைகோர்த்து நிற்கும். வெயில் கீழே விழாது. எங்கள் ஊர் வெயிலை நினைத்துக்கொண்டேன். இந்த ஊர்க்காரர்களுக்கு மின்விசிறி எதற்கு என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.

முதல் நாள் மேபல் அம்மா டீ கொடுத்தார்கள். அவர்களும் விஜயாவும் இங்கிலீஷில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் சுவரில் மாட்டியிருந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேபல் அம்மா என் பக்கம் திரும்பி, "உங்களுக்குச் சக்கரை போடலாமாம்மா?" என்றார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் விஜயா, "அக்காவுக்குப் போடாதீங்க" என்றாள். எனக்குச் சர்க்கரை வியாதி கிடையாது. ஒரு தடவை டாக்டர் குறைத்துக்கொள்ளச் சொன்னார், அவ்வளவுதான். கசப்பு டீயைக் குடித்தேன்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். முனை ஓட்டலில் ஒரு நாள் சாம்பார் வாங்கிப் பார்த்தேன். வெல்லம் போட்டிருந்தார்கள். சாம்பாருக்கே வெல்லம் என்றால் பாயசத்துக்கு இவர்கள் என்ன போடுவார்கள்? ஆனால் தட்டு மாதிரி அகலமாக ஒரு இட்லி தருகிறார்கள், அது பஞ்சு. அதில் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. காய்கறி வண்டியில் சோம்புச் செடி மாதிரி ஒரு கீரை இருந்தது. கொத்துமல்லி என்று நினைத்து வாங்கி ரசத்தில் போட்டுவிட்டேன். வீடே மருந்துக் கடை மாதிரி மணந்தது. மேபல் அம்மா மாடி ஏறி வந்து, "அது சப்சிகேம்மா, பருப்போட போடணும்" என்று சிரித்தார்கள். மறுநாள் பருப்போடு போட்டேன். விஜயா இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. சாப்பிடுகிறபோதும் அவள் கண் நோட்டில்தான்.

பயிற்சி நடக்கிற கட்டிடம் ரெசிடென்சி ரோடு பக்கம். மதியம் நான் டிபன் கேரியரோடு பஸ்ஸில் போவேன். முதல் நாள் கண்டக்டரம்மா வந்ததும் ஆதார் கார்டைக் காட்டினேன். பெண்களுக்கு இலவசம் என்று மேபல் அம்மா சொல்லியிருந்தார்கள். கண்டக்டரம்மா கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தமிழ்நாடு. இது கர்நாடகா லேடீஸுக்கு மட்டும்மா. டிக்கெட் தகோளி" என்றாள். பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முகம் சுருங்கிப் போய் டிக்கெட் வாங்கினேன். எங்கள் ஊரிலும் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று சொல்ல நினைத்தேன். நான் நினைத்து முடிப்பதற்குள் அவள் பஸ் கடைசிக்குப் போய்விட்டாள்.

அங்கே பயிற்சி எப்படி என்றால், காலையில் டீச்சர்மார் படிப்பார்கள். மதியம் மூன்று மணிக்கு நிஜமாகவே இங்கிலீஷ் தெரியாத ஆட்களைக் கூட்டி உட்காரவைத்து, ஒவ்வொருத்தராகப் பாடம் எடுத்துக் காட்ட வேண்டும். மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து குறிப்பு எழுதுவார்கள். வருகிறவர்கள் எல்லாம் நீலசந்திரா பக்கம் வீட்டு வேலை செய்கிற தமிழ்ப் பெண்கள். அவர்களுக்கு அந்த நேரம்தான் ஓய்வு, வகுப்புக்குக் காசும் இல்லை. மூன்றாம் நாள் ஆள் குறைந்துவிட்டது. பயிற்சி கொடுக்கிற டெய்ஸி மேடம் வெளியே வந்தார். ஆங்கிலோ இந்தியர். சட்டையும் பாவாடையும் போட்டுக்கொண்டு வேலூர்க்காரி மாதிரி தமிழ் பேசுவார். பெஞ்சில் கேரியரோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "இங்கிலீஷ் தெரியுமா?" என்றார்.

உள்ளேயிருந்து விஜயா ஓடி வந்து, "அக்காவுக்கு ஒண்ணும் வராது மேடம்" என்றாள்.

"ஒண்ணும் வராதவங்கதான் வேணும். வாங்கம்மா உள்ளே" என்று டெய்ஸி மேடம் என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

அறுபது வருஷம் கழித்து ஒரு வகுப்பறையில் உட்கார்ந்தேன். முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தேன். பக்கத்தில் செல்வி என்று ஒரு பெண், நாற்பது வயது இருக்கும். "இன்னா பெரியம்மா, பயமா? ஒண்ணியும் பண்ண மாட்டாங்க. நம்ம பேசலைன்னா அவங்களுக்குத்தான் மார்க்கு போவும்" என்று என் முழங்கையில் இடித்தாள்.

அன்று பாடம் எடுத்தது காவ்யா என்கிற ஹூப்ளிப் பெண். அவளுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஒரு கூடை நிறைய காய்கறி கொண்டுவந்திருந்தாள். ஒன்றைத் தூக்கிக் காட்டி, தனக்கு அது பிடிக்கும் என்று வயிற்றைத் தடவிக் காட்டினாள், இன்னொன்றைக் காட்டி முகத்தைச் சுளித்தாள். அப்புறம் என்னைக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சும்மா நின்றாள். சிரித்த முகத்தோடு நிற்கிறாள், நிற்கிறாள், நிற்கிறாள். யாராவது எனக்காக அவ்வளவு நேரம் நின்றதே இல்லை. "எனக்குப் பீர்க்கங்காய் பிடிக்காது" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். செல்வி கை தட்டினாள். பின்னால் பார்த்தேன். விஜயா தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து தினமும் போனேன். செல்வி சொன்ன மாதிரி யாரும் ஒன்றும் பண்ணவில்லை. எனக்கு ராத்திரி படுத்தால் வாக்கியங்கள் வரும். விஜயாவிடம் சொல்லவில்லை.

இரண்டாவது வாரம் மறுபடி விஜயாவின் முறை; முதல் முறை நான் இன்னும் வெளியே பெஞ்சில்தான் இருந்தேன். பட்டுச் சேலை கட்டிக்கொண்டாள். அவள் குரலைக் கேட்டதும் செல்வி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிரேயரில் நிற்கிற பிள்ளைகளுக்குக் கேட்கிற குரல். பேனாவைத் தூக்கி, இது என்ன என்று கேட்டாள். பேனா என்றோம். மேசையைத் தட்டி, இது என்ன என்று கேட்டாள். மேசை என்றோம். முப்பத்தைந்து வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். டெய்ஸி மேடம் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் என் முன்னால் வந்து நின்று, "நீங்கள் காலையில் என்ன செய்வீர்கள்?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியும். காவ்யா முந்தாநாள் சொல்லிக்கொடுத்தாள். நாக்கு நுனியில் இருந்தது. எனக்கு என்ன வந்ததோ, பதிலைச் சொல்லவில்லை. பட்டுச் சேலையைப் பார்த்தேன், சங்கிலி கோத்த கண்ணாடியைப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டு மேலே மின்விசிறியைப் பார்த்தேன்.

அவளும் நிற்கவில்லை. மூச்சு இரண்டு விடுவதற்குள், "அவர் சமைக்கிறார். எல்லாரும் சொல்லுங்கள்" என்றாள்.

பன்னிரண்டு பேரும் ராகம் போட்டு, "அவர் சமைக்கிறார்" என்றார்கள். மறுபடி ஒரு தடவை. மறுபடி ஒரு தடவை. நான் சமைக்கிறவள் என்று ரெசிடென்சி ரோடு வரைக்கும் கேட்டிருக்கும்.

வகுப்பு முடிந்து டெய்ஸி மேடம் சொன்னது ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது. தமிழிலேயே சொன்னார். "விஜயா, இருபது நிமிஷத்தில பதினெட்டு நிமிஷம் நீங்கதான் பேசினீங்க. உங்களுக்குப் பதில் தெரிஞ்ச கேள்வியா கேக்கறீங்க. கேட்டா நிக்கணும். அவங்க பேசணும். போன பாடமும் இப்படித்தான். கடைசிப் பாடத்திலயும் இப்படின்னா சான்றிதழ் வராது."

விஜயா திரும்பி வருகிற வழியெல்லாம் நோட்டை மூடியே வைத்திருந்தாள். அறைக்கு வந்து தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் தட்டில் விழுந்தது. என் தங்கச்சி அழுது நான் பார்த்து எத்தனையோ வருஷம். உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்புறம்தான் பாவமாக இருந்தது. சொல்லிவிடலாம், எனக்குத் தெரியும் விஜயா, வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டேன் என்று சொல்லிவிடலாம் என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உன்னைப் போய்க் கேட்டேன் பாருக்கா, என்னைச் சொல்லணும். பாவம், உனக்கு எப்படித் தெரியும்" என்றாள்.

வந்த பாவமெல்லாம் போய்விட்டது. தட்டை எடுத்துக் கழுவப் போனேன்.

அடுத்த வாரம் முழுக்க அவள் நிற்கப் பழகினாள். கண்ணாடி முன்னால் நின்று ஒரு கேள்வி கேட்பாள், கடிகாரத்தைப் பார்ப்பாள், உதட்டைக் கடித்துக்கொள்வாள். ஆறு எண்ணுவதற்குள் பதிலைச் சொல்லிவிடுவாள். "ச்சீ" என்று தலையில் அடித்துக்கொள்வாள். நான் கீரை ஆய்ந்துகொண்டே பார்ப்பேன்.

செல்வி கெட்டிக்காரி. ஒரு நாள் வகுப்பு ஆரம்பிப்பதற்கு முன்னால், "அன்னிக்கு உனுக்குப் பதில் தெரியும்தானே பெரியம்மா? நான் பாத்துகினேதான் இருந்தேன். உன் ஒதடு ஆடிச்சு" என்றாள்.

"சும்மா இரு" என்றேன்.

"எனுக்கின்னா. அவங்க உன் தங்கச்சி." உடனே பேச்சை மாற்றி, "நாளிக்கு எனுக்கு வைட்ஃபீல்ட்ல ஒரு வீட்ல புதுசா வேலை பேசணும். மெட்ரோவுல போறேன். வர்றியா? நீ இன்னா அடுப்பையும் இந்த கிளாஸையும் பாத்துகினு கெடக்கே" என்றாள்.

போனேன். விஜயாவிடம் சொல்லவில்லை. காலையிலேயே சமைத்துக் கேரியரை அவள் கையிலேயே கொடுத்துவிட்டு, முழங்கால் வலிக்கிறது, இன்றைக்கு வகுப்புக்கு வரவில்லை என்றேன்.

மெட்ரோவில் டிக்கெட்டுக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் வில்லை தந்தார்கள். தொலைந்துவிடும் என்று முந்தானையில் முடிந்துகொண்டேன். ரயில் மேலே மேலே போகிறது. கீழே லாரியும் காரும் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. நாங்கள் அவர்கள் தலைக்கு மேல் வழுக்கிக்கொண்டு போனோம். என் எதிரில் சின்னப் பெண்கள் மடியில் கம்ப்யூட்டரை வைத்துத் தட்டிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி போனில், "இல்லைம்மா, சாப்பிட்டேன்ம்மா" என்று தமிழில் சொல்லிவிட்டு, அடுத்த நிமிஷமே வேறு யாரையோ இங்கிலீஷில் அதட்டினாள். எந்த வீட்டுப் பெண்ணோ. அவளைப் பார்த்தும் எரிந்தது. என் பொறாமைக்கு அளவு இல்லை.

இறங்கி வெளியே வருகிற இடத்தில் அந்த வில்லையைப் பெட்டியில் போட்டால்தான் கதவு திறக்கும். என் முடிச்சு அவிழவில்லை. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. "மேடம், ஜல்தி" என்றார் ஒருவர். நகத்தால் நெம்பினேன், பல்லால் கடித்தேன். செல்வி அந்தப் பக்கத்திலிருந்து, "மெட்ரோவையே கட்டி இஸ்துகினு வந்துட்டியா பெரியம்மா!" என்று கத்திச் சிரித்தாள். காவலுக்கு நின்ற பெண் வந்து நிதானமாக முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தாள்.

அந்த அபார்ட்மென்ட் வாசலில் வாட்ச்மேன் அசாம்காரப் பையன். செல்வியைக் கேட்டு நோட்டில் எதையோ எழுதிக்கொண்டான். அப்புறம் என்னைக் கேட்டான். இந்தியும் இங்கிலீஷுமாக. செல்வி பதில் சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். என் பேரை இங்கிலீஷில் சொன்னேன். ஊர் குடியாத்தம் என்றேன். வேலைக்காகவா என்று கேட்டான். இல்லை என்றேன். பின்னே என்ன பண்ணுகிறாய் என்றான். என் வாயில் இருந்தது ஒரே ஒரு வார்த்தைதான். "ஸ்டூடண்ட்" என்றேன்.

அவன் என் நரைத்த தலையைப் பார்த்தான். சிரிக்கவில்லை. நோட்டில் கன்னியம்மாள், அதற்குப் பக்கத்தில் ஸ்டூடண்ட் என்று எழுதிக்கொண்டான். எழுதினதை நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

மறுநாள் விஜயாவின் கடைசிப் பாடம். இந்தத் தடவை பருத்திச் சேலை. நேற்று என்ன செய்தோம் என்று சொல்லப் பழகுவது பாடம். செல்வியைக் கேட்டாள். செல்வி என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, வேலை தேடிப் போனேன் என்று மட்டும் சொன்னாள். எங்கே என்று சொல்லவில்லை. இன்னும் நாலு பேரைக் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கழுத்து நரம்பு தெரிந்தது. ஆனாலும் யாரும் ஒரு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. பழைய குரல் அவர்களுக்குள் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது போலிருக்கிறது. டெய்ஸி மேடம் கடிகாரத்தைப் பார்த்தார்.

கடைசியில் என்னிடம் வந்தாள். "அக்கா, நேற்று என்ன செய்தாய்?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

வீட்டில் இருந்தேன், சமைத்தேன். அவளுக்குத் தெரிந்த பதில் அதுதான். ஆனால் சொல்லாமல் நின்றாள். நானும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். இவள் தேறினால் எனக்கு என்ன? ஊருக்குப் போய்ப் பலகை மாட்டுவாள். வருகிறவர்களுக்கெல்லாம் டீ போடப் போவது நான். வாயைத் திறக்காமல் இருந்தால் எல்லாம் இங்கேயே முடிந்துவிடும். மின்விசிறி சுற்றுகிறது. விஜயா நிற்கிறாள். நெற்றியில் வேர்வை. பத்து எண்ணினேன். இருபது எண்ணினேன். என் தங்கச்சி பிறந்ததிலிருந்து இவ்வளவு நேரம் என் முன்னால் பேசாமல் நின்றதில்லை.

அவளைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் பேசவில்லை. அப்படி எழுதினால் பொய். வைட்ஃபீல்ட் போனதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு வெடித்துவிடும் போல் இருந்தது.

"நான் மெட்ரோவில் வைட்ஃபீல்ட் போனேன்" என்று இங்கிலீஷில் சொன்னேன். "நான் ஒரு பெரிய வீட்டைப் பார்த்தேன். நான் ஒரு மனிதனோடு பேசினேன்."

விஜயாவின் வாய் திறந்தபடி நின்றது. பிறகு, "எப்பக்கா போனே? யார்கூட? முழங்கால் வலின்னியே!" என்றாள், நல்ல குடியாத்தம் தமிழில்.

வகுப்பே சிரித்தது. "என்கூடத்தான் மேடம்!" என்று செல்வி எழுந்து நின்றாள். விஜயாவுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பது ஞாபகம் வந்து முகம் வெளுத்தது. ஆனால் நான் விடவில்லை. அவள் கேட்டதற்கெல்லாம் இங்கிலீஷில் சொன்னேன். தப்பும் தவறுமாகத்தான். செல்வி நடுவில் புகுந்து, முடிச்சு அவிழாத கதையை இங்கிலீஷும் கன்னடமும் கையுமாகச் சொன்னாள். அதுவரை வாய் திறக்காதவர்கள் எல்லாம், தாங்கள் மெட்ரோவில் போன கதையைச் சொல்ல ஆரம்பித்தார்கள். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

டெய்ஸி மேடம் விஜயாவிடம் சொன்னதை இந்தத் தடவை எல்லார் முன்னாலும் சொன்னார். "வகுப்பில தமிழ் பேசினது தப்பு. அதுக்கு மார்க்கு குறைச்சிட்டேன். ஆனா இந்த மாசம் முழுக்க நீங்க கேட்ட முதல் நிஜமான கேள்வி அதுதான். தேறிட்டீங்க."

எல்லாரும் அவளுக்குக் கை தட்டினார்கள். காவ்யா கட்டிக்கொண்டாள். வைட்ஃபீல்ட் போனது நான், பேசினது நான், பேசாமல் இருந்ததும் நான். சான்றிதழில் பேர் மட்டும் அவளுடையது. எனக்கும் ஒரு காகிதம் கொடுத்திருக்கலாம் என்று நினைத்தேன். கேட்க வெட்கம்.

இப்போது குடியாத்தம் வீட்டு முன்னறையில் வகுப்பு நடக்கிறது. சாயங்காலம் எட்டுப் பேர் வருகிறார்கள். ஒன்பதாவது நாற்காலியில் நான் உட்காருகிறேன். டீ அவரவர் போட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

போன வாரம் எல்லாரும் போன பிறகு விஜயா நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "அக்கா, பெங்களூர்ல அன்னைக்கு, காலையில என்ன செய்வீங்கன்னு கேட்டேனே. உனக்கு அப்பவே பதில் தெரியுமா?" என்றாள்.

கேட்டுவிட்டு நின்றாள். அவளாக ஒரு பதிலும் சொல்லவில்லை.

நானும் இன்னும் சொல்லவில்லை. அவள் இன்னும் காத்துக்கொண்டுதான் இருக்கிறாள். சோறு பரிமாறும்போது என் வாயைப் பார்க்கிறாள். இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.